பையின் பின்பக்கம்

(தாம்பரத்தில் நாய், பூனை வளர்ப்போர் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1974-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், குஜராத்தும் ராஜஸ்தானும் தொட்டுக்கொள்ளும் பகுதியிலுள்ள பழங்குடிக் கிராமங்களில் ஒரு நோய் கிளம்பியது. கண் மஞ்சளாகும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும், சில வாரங்களில் ஆளே போய்விடுவார். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஊரில் பரவும் வழக்கமான காமாலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் இடித்தது. அதே வீடுகளின் நாய்களுக்கும் அதே மஞ்சள், அதே நீர்க்கோவை. மனிதருக்கு வரும் வைரஸ் காமாலை நாயை இப்படிப் படுத்துவதில்லை. அப்படியானால் வீட்டாரும் நாயும் பங்கு போட்டுக்கொண்டது எது? மக்காச்சோளம். பருவம் தப்பிப் பெய்த மழையில் நனைந்து, சரியாகக் காயாமல், பூஞ்சை பிடித்த சோளம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் அதைச் சோதித்து, அஃப்ளாடாக்சின் என்னும் பூஞ்சை நஞ்சு அதில் ஏராளமாக இருப்பதைக் கண்டார்கள்.

நாய்க்கு எந்தத் தீனி வாங்கலாம் என்று பேசக் கூப்பிட்டால் இவர் காமாலைக் கதை சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் வீடு தின்றதை நாய் தின்றது. இன்று மேற்குத் தாம்பரத்திலும் சேலையூரிலும் மேடவாக்கத்திலும் தெருவுக்குத் தெரு பெட் ஷாப் இருக்கிறது. தீனி பளபளக்கும் பையில் வருகிறது. ஆனால் அந்தப் பையைத் திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலில் முதலிலோ இரண்டாவதாகவோ இருப்பது பெரும்பாலும் அதே மக்காச்சோளம்தான். நன்றாகக் காயவைத்துச் சேமித்த மக்காச்சோளம் நல்ல உணவு. அதன் பெயரைப் பட்டியலில் பார்த்ததும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. நான் கேட்பது வேறு கேள்வி: அந்தச் சோளம் எப்படி இருந்தது? அதைப் பட்டியல் சொல்லாது. நாம் பயப்படுவது ஒன்றுக்கு, பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். எந்த பிராண்ட் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பையின் முன்பக்கத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் அதிகம் இல்லை. பொரித்த கோழி, கேரட், பட்டாணி, சிரிக்கும் நாய். இந்தப் படங்களுக்கும் உள்ளே இருக்கும் உருண்டைக்கும் தூரத்து உறவுதான். ஆனால் வார்த்தைகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்காவில் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர்களின் சங்கம் வகுத்த விதிப்படி, வெறுமனே ‘நாய்க்கான சிக்கன்’ என்று பெயர் வைத்தால், சேர்க்கும் தண்ணீரைக் கழித்துப் பார்க்கையில் 95 சதவீதம் சிக்கன் இருக்க வேண்டும். ‘சிக்கன் டின்னர்’ போன்ற பெயர் என்றால் 25 சதவீதம் போதும். ‘வித் சிக்கன்’ என்றால் வெறும் 3 சதவீதம். ‘சிக்கன் ஃபிளேவர்’ என்றால் நாய்க்கு அந்த ருசி தெரிந்தால் சரி. இது அங்கே உள்ள விதி, இங்கே சட்டமில்லை. இருந்தாலும் நம் கடையில் தொங்கும் பைகளிலும் இதே சொற்கள் வருவதால், ‘வித்’ என்ற சின்னச் சொல்லைக் கண்டால் கொஞ்சம் நின்று படியுங்கள்.

இனி பின்பக்கம். பொருள்களை எடைப்படி வரிசையாக எழுதுவது வழக்கம். அதிகம் உள்ளது முதலில். அது சமைப்பதற்கு முன் இருந்த எடை. பச்சைக் கோழிக்கறியில் நூற்றுக்கு எழுபது தண்ணீர். முப்பது கிலோ கறியை இயந்திரத்தில் போட்டு வேகவைத்து உலர்த்தினால் மிஞ்சுவது ஒன்பது கிலோ. அடுத்த இடத்தில் இருக்கும் இருபத்தெட்டு கிலோ மக்காச்சோளமோ ஏற்கெனவே காய்ந்தது, ஏறக்குறைய இருபத்தைந்து கிலோவாக நிற்கும். ஆக ‘முதல் பொருள் சிக்கன்’ என்ற பெருமை பாதி தண்ணீரில் போனது. இன்னொரு வித்தையும் உண்டு. மக்காச்சோளம், மக்காச்சோளக் குளூட்டன், மக்காச்சோளத் தவிடு என்று ஒன்றையே மூன்றாகப் பிரித்து எழுதினால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் மனத்துக்குள் கூட்டிக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுப் பைகளில் ‘தானியமும் தானிய உப பொருள்களும்’, ‘இறைச்சியும் இறைச்சி உப பொருள்களும்’ என்று மொத்தமாகப் போட்டுவிடுவதும் உண்டு. உப பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்கு அருவருப்பு. வெளிநாட்டு வீடியோக்கள் செய்த வேலை இது. தானிய உப பொருள் என்றால் தவிடு, நொய், குருணை. இறைச்சி உப பொருள் என்றால் ஈரல், நுரையீரல், மண்ணீரல், குடல், ரத்தம். ஐயா, நாம் யார்? ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவரொட்டிக்குச் சொல்லிவைத்து வாங்குகிறவர்கள். குடல் குழம்பு, ரத்தப் பொரியல், தலைக்கறி, ஆட்டுக்கால் பாயா என்று நாம் தேடித் தேடிச் சாப்பிடுவதை நாய் தின்றால் தரக்குறைவா? வெறும் தசைக்கறியைவிட ஈரலில் இரும்பும் வைட்டமின் ஏ-யும் பல மடங்கு அதிகம். ஒரு எச்சரிக்கை மட்டும்: விலை மலிவென்று பூனைக்குத் தினமும் கோழி ஈரலே போட்டால், அந்த வைட்டமின் ஏ அளவுமீறிச் சேர்ந்து கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கழுத்தைத் திருப்பித் தன் உடம்பை நக்கக்கூட முடியாத பூனைகள் உண்டு.

பையில் அடுத்தபடியாகச் சதவீதக் கட்டம் இருக்கும். க்ரூட் புரோட்டீன், க்ரூட் ஃபேட், ஃபைபர், மாய்ஸ்சர், ஆஷ். ஆஷ் என்றதும் சாம்பலைக் கலந்திருக்கிறார்கள் என்று பதறுபவர்கள் உண்டு. மாதிரியை உலையில் எரித்தால் கடைசியில் மிஞ்சும் தாது உப்புகளின் அளவு அது, வேறொன்றுமில்லை.

புரோட்டீன் கணக்குதான் நம்மை ஏமாற்றும். ஈர உணவுப் பௌச்சில் 8 சதவீதம் என்றிருக்கும், உலர் உணவுப் பையில் 20 என்றிருக்கும். பௌச் மட்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பௌச்சில் ஈரம் 82 சதவீதம். தண்ணீரை நீக்கினால் மிச்சம் 18 பங்கு, அதில் 8 புரதம், அதாவது 44 சதவீதம். உலர் உணவில் ஈரம் 10, மிச்சம் 90-இல் 20 புரதம், 22 சதவீதம்தான். இரண்டையும் உலர்ந்த நிலைக்குக் கொண்டுவராமல் ஒப்பிடக் கூடாது. அப்படிக் கொண்டுவந்தபின் வளர்ந்த நாய்க்கு 18, பூனைக்கு 26 சதவீதப் புரதம் என்பது அந்த அமெரிக்கச் சங்கம் வைத்திருக்கும் குறைந்தபட்சம். குட்டிகளுக்கு இன்னும் கூடுதல்.

ஆனால் அந்த 20 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆய்வுக்கூடத்தில் யாரும் புரதத்தை நேரே அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன், அதனால் இந்தப் பெருக்கல். நைட்ரஜன் இறைச்சியிலிருந்து வந்ததா, இறகிலிருந்து வந்ததா, தோலிலிருந்து வந்ததா என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது, நாகல்கேணித் தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் உங்களுக்குத் தெரியும். அங்கே மிஞ்சும் தோல் துண்டைப் பொடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் பிரமாதமான புரதம் என்று சீட்டு வரும். பழைய தோல் செருப்பு, கரித்தூள், வண்டியில் வடித்த ஆயில், இவற்றைக் கலந்தால் காகிதத்தில் நல்ல நாய் உணவு தயார் என்பது கால்நடை மருத்துவ வகுப்புகளில் சொல்லும் பழைய வேடிக்கை. நாயின் வயிறு அதில் ஒன்றையும் செரிக்காது.

2007-இல் வேடிக்கை வினையானது. அந்த மார்ச் மாதம் கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் 6 கோடிக்கும் மேற்பட்ட டின்களையும் பௌச்சுகளையும் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றது. பல பிராண்டுகளின் பெயரில் விற்றாலும் தயாரித்த இடம் ஒன்றே. அவற்றைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து செத்துக்கொண்டிருந்தன. சீனாவிலிருந்து வந்த கோதுமைக் குளூட்டனில் மெலமைன் கலந்திருந்தது. தட்டு, கிண்ணம் செய்யும் பிளாஸ்டிக்குக்கான மூலப்பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கிப் பாருங்கள்: ஒரு கிராம் மெலமைன் கலந்தால் காகிதத்தில் நான்கு கிராமுக்கு மேல் புரதம் ஏறிவிடும். மெலமைனும் அதன் கூட்டாளியான சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறைந்தன. பட்டியலில் ‘கோதுமைக் குளூட்டன்’ என்று ஒழுங்காகத்தான் அச்சிட்டிருந்தார்கள். அடுத்த ஆண்டே அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்பவுடரில் வந்து, ஏறத்தாழ 3 லட்சம் பிள்ளைகளை நோயில் தள்ளியது. 1974-இல் வீட்டாரும் நாயும் ஒன்றாக விழுந்தார்கள். இந்த முறை நாயும் பூனையும் ஓராண்டு முன்னதாகவே சொல்லிவிட்டுப் போயின.

இப்போது பூனைக்கு வருகிறேன். இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் நம் பகுதியில் அதிகம் தவறாகப் போவது பூனை விஷயத்தில்தான். நாய் மனிதனோடு வாழ்ந்து மாவுச்சத்துக்குப் பழகிய பிராணி. ஓநாயைவிட நாயிடம் மாவைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் பல மடங்கு கூடியிருப்பதை 2013-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதனால்தான் நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கம்பங்கூழிலும் கேழ்வரகுக் களியிலும் காலம் தள்ளின. பூனை அப்படியல்ல. அது கட்டாய ஊனுண்ணி. நாம் கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்வோம், நாயும் செய்துகொள்ளும். பூனையால் முடியாது. டாரின் என்ற அமினோ அமிலத்தையும் போதிய அளவு அது தானே தயாரித்துக்கொள்ளாது. செடிகொடிகளில் டாரின் அனேகமாக இல்லை, பாலில் மிகச் சொற்பம்.

சிட்லபாக்கத்திலும் நங்கநல்லூரிலும் தயிர்சாதப் பூனைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. “எங்க பாட்டி காலத்துலேர்ந்து தயிர்சாதந்தான் சார், ஒண்ணும் ஆகல” என்பார்கள். உண்மைதான், ஆகவில்லை. ஏன்? அந்தப் பூனை காலையில் தயிர்சாதத்தை நக்கிவிட்டு, கிணற்றடியில் எலி, சுவரில் பல்லி, வேலியில் ஓணான், தென்னையடியில் அணில் என்று தன் டாரினைத் தானே தேடிக்கொண்டது. தயிர்சாதம் அதற்கு வெறும் நொறுக்குத் தீனி. இப்போது அந்தத் தனிவீடு இடிந்து நான்கு மாடி ஃபிளாட் ஆகிவிட்டது. பூனை மூன்றாவது மாடியில், பால்கனிக்கு வலை போட்ட வீட்டில் இருக்கிறது. எலி எங்கிருந்து வரும்? தயிர்சாதம் மட்டுமே உணவாகிவிட்டது. சோறு இரண்டு பங்கு, தயிர் ஒரு பங்கு என்று பிசைந்தால், உலர் கணக்கில் புரதம் பத்து, பதினொன்று சதவீதம். வேண்டியதோ 26.

டாரின் குறைந்தால் முதலில் கண்ணின் விழித்திரை கெடும் என்று 1975-இல் கண்டறிந்தார்கள். 1987-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து மருத்துவர்கள், இதயம் பலூன்போல் தளர்ந்துபோன பூனைகளுக்கு டாரின் கொடுத்துக் குணப்படுத்திக் காட்டினார்கள். அந்தப் பூனைகளில் பல, சத்து முழுமையானது என்று அச்சிட்ட உணவைத் தின்றவை. அதன்பிறகுதான் கம்பெனிகள் டாரினின் அளவைக் கூட்டின. ஆகவே பூனை உணவுப் பையில் டாரின் என்ற பெயரைத் தேடுங்கள். நாய் உணவைப் பூனைக்குப் போடாதீர்கள். சைவ வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு முழுமையான சைவ நாய் உணவு என்று ஒரு வழி இருக்கிறது. பூனைக்கு அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் கறி வரக் கூடாது என்றால் பூனை வளர்க்காமல் இருப்பதே அதற்குச் செய்யும் தயவு. இது சிலருக்குக் கோபம் தரும், தெரியும்.

மீன் வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காரப்பொடி மீன் மலிவு, பூனைக்கும் உயிர். ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். நெத்திலி, மத்தி போன்ற பச்சை மீன்கள் சிலவற்றில் தயமின் என்ற பி-1 வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. தயமின் தீர்ந்தால் பூனை தலையைத் தொங்கப்போட்டுத் தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி செத்துவிடும். உப்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். கருவாடு வேண்டவே வேண்டாம்.

நாய்க்குட்டிகளிடம் வரும் கோளாறு வேறு. பாலும் டீக்கடை பிஸ்கட்டும், அல்லது வெறும் கறியும் சோறும் தின்று வளரும் குட்டி ஆறு மாதத்தில் முன்னங்கால் வளைந்து நிற்கும். கறியில் கால்சியத்தைப் போலப் பதினைந்து இருபது மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. வேண்டியது ஒன்றுக்கு ஒன்று, அல்லது கால்சியம் கொஞ்சம் கூடுதல். இந்தக் கணக்கு தவறினால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இதற்கு நேரெதிர்த் தப்பும் நடக்கிறது. லாப்ரடார் குட்டிக்கு விலையுயர்ந்த பப்பி உணவு போட்டுவிட்டு, அதன்மேல் கால்சியம் டானிக்கும் ஊற்றுவார்கள். பெரிய இன நாய்களின் சிறு குட்டிகளுக்கு உபரிக் கால்சியத்தைக் குடலிலேயே தடுத்து நிறுத்தும் திறமை கிடையாது. அத்தனையும் உள்ளே போய் எலும்பைக் கோணலாக்கும். நல்ல பப்பி உணவு என்றால் டானிக் தேவையில்லை.

நான் உண்மையில் பயப்படுவது எதற்கு என்று சொல்கிறேன். கடையில் காதில் விழும் பேச்சு இது: “அண்ணே, பெடிகிரி லூஸ்ல அரை கிலோ குடுங்க.” கடைக்காரர் நீல டிரம்மின் மூடியைத் திறந்து, அலுமினியக் குவளையால் மொண்டு, மெல்லிய கவரில் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றித் தருவார். அது பெடிகிரிதானா என்பது அவருக்கும் டிரம்முக்கும் மட்டுமே தெரியும். போன மாதப் பையின் அடிச்சரக்கின் மேல் இந்த மாதப் பையைக் கொட்டியிருப்பார். பொருள் பட்டியல் இல்லை, தயாரித்த மாதம் இல்லை, பேட்ச் எண் இல்லை. உலர் உணவு உருண்டைகளின் மேல் கடைசியாகக் கொழுப்பைத் தெளிக்கிறார்கள். நாய் முகர்ந்து ஓடிவருவது அதற்காகத்தான். காற்றுப் பட்டால் அந்தக் கொழுப்பு காறிப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்றில் எவ்வளவு ஈரம் என்று உங்கள் வீட்டு அப்பளத்தைக் கேட்டால் சொல்லும். பத்து சதவீத ஈரத்தோடு ஆலையை விட்ட உணவு அந்த டிரம்மில் ஈரம் குடித்தால் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். அஃப்ளாடாக்சினுக்கு நிறமில்லை, சமையல் சூட்டுக்கும் அது மசியாது. நன்கு மூடிய பையிலேயே அது வந்ததுண்டு. அமெரிக்காவில் 2005-இலும் 2020-இலும் நாய்கள் கூட்டமாகச் செத்தன, இரண்டாவது முறை நூற்றுக்கு மேல். பேட்ச் எண் இருந்ததால்தான் மற்ற பைகளைத் திரும்பப் பெற முடிந்தது. டிரம்மிலிருந்து எதைத் திரும்பப் பெறுவது?

சட்டம் காப்பாற்றாதா என்பீர்கள். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், உணவு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனத்தை விலக்கிவிடுகிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் நாய், பூனை உணவுக்கு ஐ.எஸ். 11968 என்ற தரக்குறிப்பு வைத்திருக்கிறது, 2019-இல் திருத்தியும் வெளியிட்டது. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. எடையளவுச் சட்டத்தின்படி பையில் தயாரிப்பாளர் முகவரி, நிகர எடை, மாதம், ஆண்டு, விலை, புகார் எண் இருக்க வேண்டும். நம் கையில் உறுதியாக இருப்பது இவ்வளவே. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை, நாய் உணவுக்கு 18 சதவீதம் போட்டார்கள். வரி போடுவதில் காட்டிய அக்கறையைப் பட்டியலைச் சரிபார்ப்பதிலும் காட்டியிருக்கலாம்.

நீங்கள் கேள்வி எழுதிக் கொடுத்த சீட்டுகளில் மூன்றை எடுத்துக்கொள்கிறேன்.

தானியமே இல்லாத உணவு நல்லதா என்று ஒருவர். கோதுமைக்கு ஒவ்வாமை உள்ள நாய்கள் மிகச் சில. தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிரப்பிய உணவுகளுக்கும் நாய்களின் இதயத் தளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா என்று 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று அது நிறுவவில்லை. கூடுதல் காசு கொடுத்து வாங்க நான் ஒரு காரணமும் பார்க்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை மிஞ்சின பிரியாணி போடலாமா சார்?” வேண்டாம் அம்மா. வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் வேகமாக. வெந்த எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலில் குத்தும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

கடைசிச் சீட்டு: பை உணவுக்குக் கட்டுப்படியாகவில்லை, வீட்டிலேயே சோறும் கோழியும் சமைத்துப் போடலாமா? போடலாம். கோழிக்கடையில் கழுத்து, ஈரல், இதயம் மலிவாகக் கிடைக்கும். கழுத்தெலும்பை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் எடுங்கள். ஈரல் மொத்தக் கறியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். தாது உப்பு, வைட்டமின் கலவை ஒன்று கட்டாயம் சேர வேண்டும். எது, எவ்வளவு என்பதை உங்கள் நாயின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே கால்நடை ஊட்டச்சத்துத் துறை இருக்கிறது. கால்சியத்துக்கு முட்டை ஓடு போதும். ஒரு முழு ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம், பத்து கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஓட்டைக் கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்து, மிக்ஸியில் மாவாக அரைத்துச் சோற்றில் கலந்துவிடுங்கள். நறநறவென்று இருந்தால் நாய் ஒதுக்கிவிடும், சலித்துப் போடுங்கள்.